மேல் வீட்டுக் குளியலறை

சந்திரகலா பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "லிஃப்ட் இருக்கா?"

"இல்ல. இருந்திருந்தா விலை எனக்கு எட்டியிருக்காது" என்று அவளும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்கு மாடிக் கட்டடம். அவளுடையது மூன்றாவது மாடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழைய சொந்தக்காரர் விற்பதற்கு முன் எல்லாச் சுவருக்கும் வெள்ளைச் சாயம் அடித்து விட்டிருந்தார். அந்தச் சாயத்துக்கு அடியில் என்னவெல்லாம் இருக்கிறது என்பது சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரியும் என்று சந்திரகலாவுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் விலையைக் குறைத்துப் பேசினாள்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில், எந்தக் கன்டெய்னரில் எதை முதலில் ஏற்றுவது, எதைக் கடைசியில் ஏற்றுவது என்று திட்டம் போடுகிற வேலை. கல்யாணம் முறிந்த பிறகு பக்கத்து ஊரான கிள்ளானில் தம்பி முகுந்தனின் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். தினமும் வேலைக்கு ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்து திரும்புவாள். தம்பி முகம் சுளித்ததில்லை. தம்பி மனைவி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட விளக்கைப் போடலாமா என்று அவள் யோசிக்க வேண்டியிருந்தது. யோசிக்காமல் விளக்கைப் போட ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

முகுந்தன் கார் விற்கிறவன். சாவி வந்த அன்றே வழவழப்பான ஒரு விளம்பரப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, இத பாரு. ஃபுல் பேக்கேஜ். பிளாஸ்டர் சீலிங், உள்ளுக்குள்ள லைட்டு, மார்பிள் மாதிரி தரை, ரூமுக்கு ரூம் அலமாரி. ஒரே பேமண்ட். நீ ஒண்ணுமே பாக்க வேணாம், நேரா வந்து பால் காய்ச்சலாம்."

"நான் ஒண்ணுமே பாக்க வேணாம்னு சொல்றவன்கிட்டதான் நான் எல்லாத்தையும் பாக்கணும்" என்றாள் அவள்.

"உனக்கு வீடு அழகா இருக்க வேணாமா?"

"வேணும். ஆனா முதல்ல சுவத்துக்குள்ள இருக்கறது. வயரிங், பைப். அப்புறம் தரை. அழகு கடைசில. அழகுல கை வச்சிட்டு அப்புறம் பைப் ஒடைஞ்சா அழகையும் சேத்து ஒடைக்கணும்."

முகுந்தன் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டான். அக்காவிடம் வாதாடி ஜெயித்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

வேலைக்குப் பாலனைப் பிடித்தாள். கிள்ளான்காரர், ஐம்பது வயது இருக்கும், இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன வீட்டு வேலைகளை எடுத்துச் செய்கிறவர். வாய் ஓயாது. அவர் முடித்த மூன்று வீடுகளுக்கு நேரில் போய், அங்கே குடியிருப்பவர்களிடம் பேசிவிட்டுத்தான் சந்திரகலா அவரைக் கூப்பிட்டாள்.

வேலை நன்றாகவே ஆரம்பித்தது. பழைய ஃபியூஸ் பெட்டி போய்ப் புதியது வந்தது. கருகிப்போயிருந்த வயர்கள் எல்லாம் மாறின. கூடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பாலனின் ஆட்கள் உரித்தபோது, அடியில் பழைய மொசைக் தரை முழுசாக இருந்தது. பச்சையும் கறுப்பும் புள்ளி போட்ட சாம்பல் நிறம். பாலன் காலால் தேய்த்துப் பார்த்தார்.

"மேடம், இதுக்கு மேலயே டைல்ஸ் ஒட்டிரலாம். ஈசி லா."

"தேய்ச்சு பாலிஷ் போட முடியுமா?"

"போடலாம். ஆனா யாரு இப்ப மொசைக் வைக்கிறாங்க?"

"நான் வைக்கிறேன் அண்ணே."

டைல்ஸ் வாங்கும் செலவு அப்படியே மிச்சம். ஜன்னல்களின் கண்ணாடிப் பட்டைகளையும் மாற்றவில்லை. உடைந்தவற்றுக்கு மட்டும் புதிது போட்டுவிட்டு, கம்பிகளின் துருவைத் தானே சுரண்டிச் சாயம் அடிப்பதாகச் சொன்னாள். சனி ஞாயிறுகளில் பழைய டி-சட்டையும் தலையில் ஒரு துண்டுமாக உட்கார்ந்து சுரண்டினாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. சுரண்டச் சுரண்ட வீடு தன்னுடையதாகிக்கொண்டே வருவதுபோல் இருந்தது.

பிறகு பாலன் குளியலறையின் பொய்க்கூரையைக் கழற்றினார்.

"மேடம், கொஞ்சம் வாங்க."

மேலே கான்கிரீட் முழுவதும் கறுத்து நனைந்திருந்தது. ஓர் இடத்தில் சிமெண்ட் உதிர்ந்து உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. அந்தக் கம்பியின் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொரு சொட்டு.

"மேல் வீடு. அவங்க குளிச்சா இங்க ஒழுகுது. பழைய ஆளு அதான் சீலிங் போட்டு மூடியிருக்கான்."

அன்று மாலை வந்த முகுந்தன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாமளும் புது சீலிங் போட்டு மூடிரலாம்கா. ரெண்டு மூணு வருஷத்துக்குத் தெரியாது" என்றான்.

"நான் இங்க ரெண்டு மூணு வருஷம் இருக்க வரல."

மறுநாள் மாலை அவள் மாடி ஏறினாள். மேல் வீட்டில் சீதாலெட்சுமி என்ற பெண்மணி தனியாக இருக்கிறார், ரவிக்கை தைக்கிறவர் என்று படிக்கட்டில் பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கதவைத் தட்டினாள். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க முகம். அழகாக வாரிய தலை, பளிச்சென்று பொட்டு, கழுத்தில் அளவு நாடா.

"வணக்கம் அக்கா. நான் கீழ் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கேன். சந்திரகலா. என் குளியலறையில மேலருந்து தண்ணி இறங்குது. ஒரு தடவ உள்ள வந்து பாத்துக்கட்டுமா?"

"என் வீட்டுல ஒண்ணும் ஒழுகல."

"உங்களுக்குத் தெரியாதுக்கா. கீழதான் தெரியும். பத்து நிமிஷம் போதும், என் ஆளு வந்து..."

"ஆளெல்லாம் வர வேணாம்" என்றார் சீதாலெட்சுமி. கதவு மூடிக்கொண்டது. மெஷின் சத்தம் மறுபடி வரவில்லை. சந்திரகலா அதைக் கவனித்தாள்.

கட்டடத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் கமலநாதன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறைதான் ஆபிஸ்.

"அந்தம்மாவா?" என்று பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு முந்தி இருந்தவரும் கம்ப்ளைன் பண்ணாரு. கதவே திறக்கல. முந்தியெல்லாம் நல்லா இருந்த மனுஷிமா. தீபாவளி சமயத்துல அவங்க வீட்டு வாசல்ல பொம்பளைங்க வரிசையா நிப்பாங்க. இப்ப ரெண்டு வருஷமா ஒருத்தரையும் உள்ள விடறதில்ல. கஸ்டமருக்குக்கூட கீழ சேலைக் கடையில வச்சுதான் அளவு எடுக்கறாங்க. தலைக்கனம்னு சொல்றாங்க. எனக்கு என்னமோ அப்படித் தெரியல."

"இப்ப நான் என்ன பண்றது அண்ணே?"

"நோட்டீஸ் குடுக்கலாம். மேல் வீட்டுக்காரங்க பாக்க விட்டுத்தான் ஆகணும். சட்டம் உங்க பக்கம். குடுக்கவா?"

சந்திரகலா கொஞ்சம் யோசித்தாள். "ஒரு வாரம் பொறுங்க. மறுபடியும் ஒரு தடவ கேட்டுப் பாக்குறேன்."

அவள் கேட்டுப் பார்ப்பதற்குள் தண்ணீரே பேசிவிட்டது.

சனிக்கிழமை காலை. பாலனின் ஆட்கள் வரவில்லை. சந்திரகலா மட்டும் ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சொட்டு இல்லை, ஊற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் கூரையின் விரிசல் நெடுகத் தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த இரும்புத் தேய்ப்பானை அப்படியே போட்டுவிட்டுப் படிக்கட்டில் ஓடினாள்.

தட்டுவதற்கு முன்பே மேல் வீட்டுக் கதவு திறந்தது. சீதாலெட்சுமி தலை முதல் கால்வரை நனைந்து நின்றார்.

"பைப்பு வெடிச்சிருச்சு. மெயின அடைக்க முடியல. கையி வழுக்குது."

"எங்க இருக்கு?"

"சிங்க்குக்குக் கீழ."

சந்திரகலா உள்ளே பாய்ந்தாள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் மண்டியிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, துருப்பிடித்த திருகைச் சுற்றிப் பிடித்தாள். முதல் தடவை அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி மறுபடி திருப்பினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் திருப்பியதும் தண்ணீர் நின்றது.

எழுந்து திரும்பிய பிறகுதான் வீட்டைப் பார்த்தாள்.

கூடத்துச் சுவர் ஓரமாக இடிபாட்டு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் பழைய சேலை ஒன்றை விரித்து மூடியிருந்தது. மூட்டைகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கொஞ்சம்போல இடம். அதில் தையல் மெஷின், ஒரு ஸ்டூல், நூல்கண்டுகள். குளியலறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைதான். திரை விலகியிருந்தது. உள்ளே டைல்ஸ் என்று ஒன்றுமே இல்லை. சுவர் செங்கல் தெரிய உடைக்கப்பட்டிருந்தது. தரை குண்டும் குழியுமாகக் கொத்தப்பட்டுக் கிடந்தது. சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனையைத் துணியும் கம்பியும் வைத்துக் கட்டியிருந்தது. அந்தக் கட்டுதான் இப்போது அவிழ்ந்து தொங்கியது.

சீதாலெட்சுமி சந்திரகலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்ததுபோல் இருந்தது.

"வாளி எங்கக்கா இருக்கு?" என்றாள் சந்திரகலா. "தண்ணிய முதல்ல அள்ளிருவோம். துணியெல்லாம் நனைஞ்சிரும்."

இருவரும் குனிந்து தண்ணீரை அள்ளினார்கள். தைத்து வைத்திருந்த ரவிக்கைகளைக் கட்டில்மேல் ஏற்றினார்கள். பாதி வேலையில் சீதாலெட்சுமி தானாகவே பேச ஆரம்பித்தார்.

"ஒருத்தன் வந்தான்மா. நல்லா பேசுவான். குளியலறையும் சமையலறையும் சேத்துப் புதுசா பண்ணித் தரேன், முழுப் பணத்தையும் முன்கூட்டியே குடுத்தா விலை குறைச்சுத் தரேன்னான். என் தங்கச்சி வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டா. நான் கேக்கல. மூணு நாள் வந்து ஒடைச்சான். நாலாவது நாள் வரல. போன் எடுக்கல. அப்புறம் அந்த நம்பரே இல்ல."

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொன்னேன். எழுதிக்கிட்டாங்க." வாளியைக் கீழே வைத்தார். "வீட்டுக்கு வர்ற கஸ்டமர் இத பாத்தா என்ன நினைப்பாங்க? அளவு தப்பாம தைக்கிறவ, ஒருத்தன அளந்து பாக்கத் தெரியாம ஏமாந்துட்டாளேன்னு. அதான் கதவ மூடினேன். உன் வீட்டுல ஒழுகுதுன்னு எனக்குத் தெரியாம இல்ல. கொத்தின தரையில தண்ணி ஊத்தினா எங்க போகும்? அன்னிக்கு நீ வந்துட்டுப் போனதுல இருந்து முடிஞ்சவரைக்கும் கீழ சேலைக்கடை டாய்லெட்லதான்மா குளிக்கிறேன். இன்னிக்குக் கட்டு எப்படி அவுந்துச்சுன்னே தெரியல."

சந்திரகலாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையில் குளிப்பதற்காக ஒரு துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு நான்கு மாடி இறங்கிப் போகிற அந்த அழகாக வாரிய தலைதான் அவள் கண்ணுக்குள் நின்றது. பின்னறையில் இருட்டில் தடவித் தடவித் தண்ணீர் குடித்த நாட்கள் அவளுக்கும் இருந்தன.

"காசு இல்லாததனால சரி பண்ணாம வச்சிருக்கீங்களாக்கா?" என்று நேராகக் கேட்டாள்.

"காசு இருக்கு. மறுபடியும் சேத்துட்டேன். ஆள நம்பி எடுத்துக் குடுக்கத்தான் கை வரமாட்டேங்குது."

"அப்ப நம்ப வேணாம். நம்பாமலே வேலை வாங்கலாம்."

சீதாலெட்சுமி புருவத்தைச் சுருக்கினார்.

"சிமெண்ட், டைல்ஸ், பைப் எல்லாம் நாமளே கடையில போய் வாங்குவோம். சாமான் நம்ம வீட்டுலதான் இருக்கும், யாரும் தூக்கிட்டு ஓட முடியாது. கூலிய வேலை முடிய முடியக் குடுப்போம். ஒடைச்சு அள்ளினா அதுக்கு. பைப் போட்டா அதுக்கு. தண்ணி ஒழுகலன்னு கண்ணால பாத்த பிறகு மீதி. என் வீட்டுல அப்படித்தான் நடக்குது."

"எனக்காக நீ எதுக்கு இவ்வளவு..."

"உங்களுக்காக மட்டும் இல்லக்கா. என் கூரைய கீழருந்து சரி பண்ண முடியாது. மேலருந்துதான் பண்ணணும். ரெண்டு குளியலறையையும் சேத்து எடுத்தா ஒரே லோரியில இடிபாடு போயிரும், ஒரே ஆளுங்க, டைல்ஸும் மொத்தமா வாங்கலாம். ரெண்டு பேருக்குமே செலவு குறையும்."

சீதாலெட்சுமி வாளியை எடுத்துப் போய்க் கடைசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தார். பிறகு, "அந்த ஆள முதல்ல நான் பாக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை பாலன் மேலே வந்தார். சீதாலெட்சுமி அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, போலீஸ்காரரைப்போல விசாரித்தார். எந்த ஊர், எத்தனை வருஷத் தொழில், வீடு எங்கே, மனைவி என்ன செய்கிறார். பாலனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் சிவந்தது.

"அக்கா, அட்வான்ஸே இல்லாம நான் எப்படி ஆள் கூட்டிட்டு வர்றது? என் ஆளுங்களுக்கு நான் தினமும் குடுக்கணும்லா."

"அட்வான்ஸ் குடுத்துதான் இப்படி உக்காந்திருக்கேன்" என்று மூட்டைகளைக் காட்டினார் சீதாலெட்சுமி.

"அவன் ஓடிட்டான்னா நானும் ஓடுவேனா?"

பாலனுக்கு அது உண்மையிலேயே வலித்திருக்கிறது என்று சந்திரகலாவுக்குப் புரிந்தது. அவள் குறுக்கே வந்தாள்.

"அண்ணே, நீங்க ஓடமாட்டீங்க. எனக்குத் தெரியும். ஆனா அக்காவுக்கு உங்களத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரத்து வேலைக்கு அன்னிக்கே கூலி. நாள் தள்ளமாட்டோம். உங்க மத்த கஸ்டமர் எத்தன பேரு சொன்ன நாள்ல குடுக்கறாங்க?"

பாலன் தலையைச் சொறிந்தார். "அத மட்டும் கேக்காதீங்க மேடம்." பிறகு சீதாலெட்சுமியைப் பார்த்து, "சரிக்கா. வெள்ளிக்கிழமை தவறக்கூடாது" என்றார்.

"தவறாது" என்றார் சீதாலெட்சுமி. "ஆனா நான் பக்கத்துலயே உக்காந்து பாப்பேன்."

கிள்ளானில் முகுந்தனுக்கு இது பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பொரிந்தான்.

"நோட்டீஸ் போட்டா அந்தம்மா தன் செலவுல சரி பண்ணிட்டுப் போறாங்க. நீ எதுக்கு அவங்க வீட்டுக்கும் மேஸ்திரி வேலை பாக்குற?"

"அவங்க தன் செலவுலதான்டா பண்றாங்க. நோட்டீஸ் போயிருந்தா பயத்துல யாராச்சும் ஒருத்தனக் கூப்பிட்டு மேலாக்க பூசியிருப்பாங்க. அடுத்த வருஷமே மறுபடியும் எனக்கு ஒழுகும். எனக்கு யார் மேல தப்புன்னு ஜெயிக்க வேணாம். ஒழுகாத வீடு வேணும்."

"தீபாவளிக்கு முந்தி குடி போகணும்னியே?"

"போவேன்."

அவள் சொன்னதை அவள் நம்பினாள். தம்பி நம்பவில்லை.

டைல்ஸ் வாங்க இரண்டு பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனார்கள். பெரிய கட்டடங்களுக்கு வாங்கியதில் மிஞ்சிய சரக்கை ஒரு கடையில் மலிவாக விற்றார்கள். சந்திரகலா விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டே போனாள். சீதாலெட்சுமி ஒவ்வொரு டைலையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, "இது கோணல். இது சரி. இந்தப் பெட்டி வேற சாயம், சேராது" என்று ஒதுக்கினார். துணியைப் பார்க்கிற அதே பார்வை. கடைக்காரர் சலித்துப்போய், "ஆன்டி, பாத்ரூம் சுவருதானே, யாரு இவ்வளவு கிட்ட பாப்பாங்க?" என்றார்.

"தினமும் குளிக்கிறவ பாப்பா."

வெளிர் நீலத்தில் இரண்டு வீட்டுக்கும் போதுமான பெட்டிகள் கிடைத்தன. திரும்பும் வழியில் ரயிலில் சீதாலெட்சுமி சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்துச் சந்திரகலா பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேல் வீட்டு இடிபாடுகள் லோரியில் போயின. மூட்டைகள் இறங்க இறங்கக் கூடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. குழாய்கள் புதிதாக ஓடின. கொத்திய தரையைச் சமன் செய்து, தண்ணீர் இறங்காத பூச்சைப் பாலனின் ஆட்கள் இரண்டு முறை பூசினார்கள். சீதாலெட்சுமி சொன்னபடியே பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே பார்த்தார். ஆரம்பத்தில் பாலனுக்கு முள்மேல் நிற்பதுபோல் இருந்தது. பிறகு பழகிவிட்டது. அவர் பேசுவார், இவர் 'ம்' கொட்டுவார். வெள்ளிக்கிழமைக் கூலி ஒருதரமும் தவறவில்லை.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சோதனை. வடிகால் துளையை அடைத்து, குளியலறைத் தரையில் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். கீழே ஈரம் காட்டாவிட்டால் பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் மாலை வேலை முடிந்து நேராக வந்த சந்திரகலா, தன் குளியலறையில் ஏணி போட்டு ஏறிக் கூரையைக் கையால் தடவினாள். பெரும்பாலான இடம் காய்ந்து கிடந்தது. வடிகால் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி மட்டும் விரலில் ஈரம் ஒட்டியது.

பாலனை அழைத்துக் காட்டினாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது கொஞ்சம்தான் மேடம். டைல்ஸ் ஒட்டி, இடுக்குல நல்லா அடைச்சிட்டா நின்னுரும். திரும்பக் கொத்தினா ஒரு வாரம் போயிரும். தீபாவளி வருதுலா. எனக்கு வேற வீடும் காத்திருக்கு."

சந்திரகலாவின் சமையலறை வேலை அந்த ஒரு வாரத்தில்தான் முடிய வேண்டியிருந்தது. அதை நினைத்து ஒரு நிமிடம் தயங்கினாள். அதற்குள் பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சீதாலெட்சுமி பேசினார்.

"பாலன் தம்பி, ரவிக்கையில தோள் கொஞ்சம்தான் இழுக்குதுன்னு வச்சுக்கங்க. மேல சேலை போட்டா தெரியாது. ஆனா போட்டுக்கிட்டு இருக்கறவளுக்குத் தெரியும். நான் பிரிச்சுத்தான் தைப்பேன். நீங்களும் பிரிங்க."

பாலன் ஒருவரை மாற்றி ஒருவர் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துட்டீங்க. நான் எங்க போறது" என்றார். ஆனால் மறுநாள் காலையிலேயே ஆட்களோடு வந்து, வடிகாலைச் சுற்றிக் கொத்தி எடுத்து, புதிதாகக் கட்டிப் பூசினார். மறுபடி காய விட்டார்கள். மறுபடி தண்ணீர் தேக்கினார்கள். இந்த முறை பாலன் ஒரு நாளோடு விடவில்லை. இரண்டாவது நாளும் தண்ணீர் அப்படியே நிற்கட்டும் என்று அவரே சொன்னார்.

மூவரும் சேர்ந்துதான் கீழே போய்ப் பார்த்தார்கள். சந்திரகலா ஏறித் தடவினாள். மூலை, விளிம்பு, குழாயைச் சுற்றி, துருக்கம்பியைச் சுத்தம் செய்து பூசிய இடம். விரலை விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். வெள்ளைத் தூசிதான் ஒட்டியிருந்தது.

"காஞ்சிருக்கு" என்றாள்.

பாலன் ஒன்றும் பேசாமல் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் பேசாமல் இருந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. சீதாலெட்சுமி மாடி ஏறிப்போனார். திரும்பி வந்தபோது கையில் மூன்று கோப்பைத் தேநீரும், பாலனுக்குத் தர வேண்டிய கூலியும் இருந்தன.

"இன்னிக்குப் புதன்கிழமைதானேக்கா?" என்றார் பாலன்.

"ஒழுகலன்னு கண்ணால பாத்தாச்சுல்ல. எடுத்துக்கங்க."

தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு சந்திரகலா குடி புகுந்தாள். ஃபிரிட்ஜை மூன்று மாடி தூக்கி வந்து மூச்சு வாங்கிய முகுந்தன், மினுங்கும் மொசைக் தரையைப் பார்த்து, "இது இங்கயே இருந்துச்சா? விலை அதிகமா இருக்குமேன்னு பாத்தேன்" என்றான். சமையலறைக்குப் போனதும் நின்றுவிட்டான்.

"அக்கா, அலமாரிக்குக் கதவே இல்லையே!"

பழைய அலமாரிகளின் சட்டம் நன்றாக இருந்ததால் சந்திரகலா அவற்றை வைத்துக்கொண்டாள். கதவுகள் மட்டும் புதிதாகப் போடுவதாக இருந்தது. அதற்கான நேரமும், ஒதுக்கி வைத்திருந்த தொகையும் கூரைக் கம்பி வேலைக்குப் போய்விட்டன. கதவுக்குப் பதிலாக மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய, பூ அச்சிட்ட பாத்தேக் துணியில் திரைகள் தொங்கின. மடிப்பு ஒவ்வொன்றும் ஒரே அளவு. சீதாலெட்சுமி ஒரே மதியத்தில் தைத்துக் கொடுத்தவை.

"கதவு அடுத்த வருஷம்" என்றாள் சந்திரகலா. "அவசரம் ஒண்ணும் இல்ல. இதுவே நல்லாத்தான் இருக்கு."

முகுந்தன் ஒரு திரையை விலக்கிப் பார்த்தான். மறுபடி மூடினான். "நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டான். பிறகு குளியலறைக்குள் போய் நீல டைல்ஸைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பின்பக்கக் குளியலறைக்கு என்ன செலவாகும் என்று மெதுவாகக் கேட்டான்.

"முதல்ல பைப் எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றாள் அக்கா.

அன்று ராத்திரி எல்லாரும் போன பிறகு அவள் பால் குடித்தாள், பாத்திரம் கழுவினாள், படுத்தாள். நடுவில் தாகம் எடுத்தது. எழுந்து கூடத்து விளக்கைப் போட்டாள், சமையலறை விளக்கையும் போட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வேண்டுமென்றே கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்திலேயே நின்றாள்.

மறுநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். ஓர் இளம்பெண், கையில் பட்டுத்துணி இருந்த பை, ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது.

"சாரிக்கா. பிளவுஸ் தைக்கிற சீதா ஆன்டி வீடு இதுவா? நேரா வீட்டுக்கே வரச் சொன்னாங்க."

"இன்னும் ஒரு மாடி ஏறணும்மா" என்றாள் சந்திரகலா. "கதவு திறந்துதான் இருக்கும். தட்ட வேணாம், உள்ள போங்க."